கொடி இறங்கிய பிறகு

மாலைக்கு மேல் குளிர்காற்று முகப்பு ஒன்று தீவைக் கடக்கும் என்று வானொலி சொன்னபோது, சயோகோ படகுத்துறை மேட்டில் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவரைக்கும் தென்காற்றும் வெயிலும். கடந்ததும் காற்று ஒரே திருப்பில் வாடையாகிவிடும், இடியும் சூறையும் வரும் என்றது அறிக்கை. அத்தோடு கோடை முடிந்தது. முதல் வாடை கிளப்பும் அலை, கடலடிப் பாசியைப் பாறையோடு பிய்த்து எங்கோ கொண்டுபோய்விடும். இந்த வருஷம் மழையும் மூடுபனியுமாகவே போனதில், ஜப்பானின் வடகோடியிலுள்ள ரிஷிரித் தீவின் மேற்குக் கரைக்காரர்கள் கடலில் இறங்கிய நாட்களே குறைவு. இன்றைக்கு விட்டால் அடுத்த கோடைதான்.

கம்பத்தில் கொடி ஏறினால்தான் அங்கே படகு போகலாம். இறங்கினால் எவராயிருந்தாலும் திரும்பியாக வேண்டும். கொடியைக் கவனிக்கும் பொறுப்பை வசந்தத்தில் ஊர் கூடி சயோகோவிடம் கொடுத்திருந்தது. அவள் புருஷன் இவாவோவுக்கு அதில் பெருமைதான்; ஆனால் துறையில் கேலி பேசுகிறவர்களுக்கு அன்றிலிருந்து நல்ல தீனி.

"என்ன இவாவோ, வீட்டுல அம்மணி கதவைத் தெறந்து விட்டுட்டாங்க போல? அப்படியே கடலையும் தெறந்துவிடச் சொல்லேன்!" என்று பக்கத்துப் படகிலிருந்து செய்ஜி கத்தினான். துறையே சிரித்தது. இவாவோவும் சிரித்தான். ஆனால் காது மடல் சிவந்துபோனதை சயோகோ மேட்டிலிருந்தே பார்த்தாள்.

"மத்தியானம் வரைக்கும்தான்!" என்று அவள் குரல் கொடுத்தாள். "நடுவுல கொடி இறங்குச்சுன்னா கையில இருக்கறதைப் போட்டுட்டு வரணும். ஒருத்தரும் சாக்கு சொல்லக் கூடாது."

"உத்தரவு மேடம்!" என்று இவாவோ நெற்றியில் கை வைத்து சலாம் போட்டான். மறுபடியும் சிரிப்பு. அந்த சலாம் அவளுக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் கொடியை ஏற்றினாள். படகுகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு பாய்ந்தன.

வெயில் ஏறியது. முதல் நடையில் வந்த பாசியைக் கூழாங்கல் களத்தில் பெண்கள் நீளநீளமாக விரித்துக்கொண்டிருந்தார்கள். ஆகஸ்டு கடைசிக்கு அந்தச் சூடு சரியில்லை. முதுகில் சட்டை ஒட்டியது. தென்காற்று சூடான மூச்சுபோல வீசியது. களத்துக்காரி ஃபுமியே கொண்டுவந்து வைத்த சோற்று உருண்டையைக்கூட சயோகோ தொடவில்லை.

அப்போதுதான் ரேடியோ கரகரத்தது. ஆழ்கடலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த கணவாய்ப் படகு ஒன்றின் தலைவர் பேசினார்.

"காத்து திரும்பிருச்சு! கறுப்பா ஒரு சுருள், பாயைச் சுருட்டின மாதிரி, எங்க தலைக்கு மேல உருண்டு உங்க பக்கம் போயிருக்கு. சாயங்காலமாவது மண்ணாங்கட்டியாவது! பாசிப் படகு யாராச்சும் வெளிய இருந்தா கூப்பிடுங்க!"

சயோகோ யோசிக்கவே இல்லை. கொடியை இறக்கினாள், சைரனை அழுத்தினாள்.

"அக்கா, வானம் இப்படி நீலமா இருக்கு!" என்று ஃபுமியே ஓடிவந்தாள். "களத்துல இருக்கறது பாதிகூடக் காயலையே!"

"காயலைன்னாலும் அள்ளு. எல்லாத்தையும் கொட்டகைக்குள்ள போடுங்க."

படகுகள் ஒவ்வொன்றாக முணுமுணுத்துக்கொண்டே வந்தன. "கை நடுங்கிருச்சா தங்கச்சி?" என்று செய்ஜி கயிற்றை வீசி எறிந்தான். அவள் கண் துறையைத் தடவியது. ஒரு படகு இல்லை. இவாவோவின் படகு.

தொலைநோக்கியில் தேடினாள். தெற்குப் பாறைத் திட்டருகே தனியாக இருந்தான். அடியில் கண்ணாடி பதித்த பெட்டியைப் பல்லில் கவ்வி, தண்ணீருக்குள் பார்த்தபடி, நீளக் கழியால் பாசியைத் திருகி இழுத்தான். பிறகு நிமிர்ந்தான். முகம் கரைப்பக்கம் திரும்பியது. வெறும் கம்பத்தை ஆற அமரப் பார்த்தான். பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்தான்.

அவள் தொலைநோக்கியை செய்ஜியிடம் நீட்டினாள்.

செய்ஜி தொலைநோக்கியை வாங்கிப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னான். "காலையில நாங்க பேசினது... சும்மா விளையாட்டுக்குத்தான்..."

"அதை அப்புறம் பேசலாம்ணே. உங்க படகுதான் வேகம். வர்றீங்களா?"

அவன் கட்டிய கயிற்றைத் திரும்பவும் அவிழ்த்துப் படகில் போட்டான். சைரன் பொத்தானில் ஃபுமியேவை உட்காரவைத்துவிட்டு சயோகோ குதித்து ஏறினாள்.

பாதி வழியில் தென்காற்று நின்றுபோனது. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் வழவழத்தது. அந்த அமைதிதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. மேற்கே தொடுவானம் முழுக்க ஒரு கறுப்பு உருளை, அதன் அடியில் தண்ணீர் வெள்ளையாகக் கொதித்தது.

இவாவோவின் படகில் பாசி இடுப்பளவு குவிந்து பளபளத்தது. இவர்களைப் பார்த்ததும் அவன் பெட்டியை வாயிலிருந்து எடுத்தான்.

"நீ எதுக்கு வந்தே?"

"கொடியைப் பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். வெயில் அடிக்குது சயோகோ. வீட்டுல நீ சொன்னா எழுந்திருக்கேன், நீ சொன்னா படுக்கறேன். கடல்லயும் அப்படித்தான்னா இவனுங்க என்னை என்னன்னு பேசுவானுங்க?"

செய்ஜி தலையைக் குனிந்துகொண்டான்.

"திரும்பிப் பாருய்யா!" என்று சயோகோ அலறினாள். கல்யாணமான நாளிலிருந்து அவனிடம் அவள் அப்படிப் பேசியதில்லை.

அவன் திரும்பினான். அவன் கையிலிருந்து கழி நழுவியது. பாய்ந்துபோய் இன்ஜினை முடுக்கினான். அது உறுமி, திணறி, செத்தது. விசிறியில் பாசி சுற்றிக்கொண்டிருந்தது.

"விட்டுட்டுத் தாண்டு! தாண்டுடா!" என்று செய்ஜி கத்தினான்.

அதற்குள் வாடை அடித்தது. ஐஸ் பெட்டியைத் திறந்து முகத்தில் கவிழ்த்தாற்போல ஒரு குளிர். முதல் அலையில் பாரம் ஏறிய படகு ஒருபக்கம் சாய்ந்தது. இவாவோ பாசியை அள்ளி அள்ளிக் கடலில் எறிந்தான். அடுத்த அலை அவனுக்கு அவகாசம் கொடுக்கவில்லை. படகு கவிழ்ந்தது. தண்ணீர்மேல் பாசி மட்டும் பரவிக் கிடந்தது.

சயோகோ கயிற்றைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பாசிக்கு நடுவில் அவன் தலை தெரிந்தது. வீசினாள், காற்று அதை அவள்மேலேயே திருப்பியடித்தது. மறுபடி வீசினாள். பிடித்துவிட்டான். பாறைத் திட்டு கையெட்டும் தூரத்தில் நுரை கக்கிக்கொண்டிருக்க, செய்ஜி படகைப் பின்னுக்கும் முன்னுக்குமாக நகர்த்தினான். அவள் இழுத்தாள். தோள்பட்டை விட்டுப்போகும் என்று தோன்றியது, விடவில்லை. கடைசியில் அவன் சட்டைக் காலரைப் பற்றி மீனை இழுத்துப்போடுவதுபோல உள்ளே போட்டாள்.

"நம்ம துறைக்கு இந்தக் காத்துல முகம் குடுக்க முடியாது. தெற்கு முனைக்குப் போயிரலாம்" என்றான் செய்ஜி.

அலைகள் பின்னாலிருந்து துரத்த, ஆலங்கட்டி முதுகில் விழ, போனார்கள். இவாவோவின் பற்கள் கிடுகிடுத்தன. சயோகோ தன் மழைச்சட்டைக்குள் அவனைச் சேர்த்து இறுக்கிக்கொண்டாள். முனை திரும்பி, மலை காற்றை மறைத்தபின்தான் செய்ஜி ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து முகத்தைத் துடைத்தான்.

மறுநாள் வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. காற்றில் இலையுதிர்காலம் வந்துவிட்டது. சாயங்காலம் மீனவர் சங்கக் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். கொடி இறங்கிய பிறகும் கடலில் நின்றவருக்கு அடுத்த கோடை முழுக்கப் படகு கிடையாது. எழுதி வைத்த விதி அது.

செய்ஜிதான் முதலில் எழுந்தான். "அவன் தூரத்துல இருந்தான். தென்காத்துல சைரன் கேட்டிருக்காது. படகும் போச்சு, இதோட விட்டுருவோமே."

ஆமாம் ஆமாம் என்று நாலு குரல். எல்லோரும் சயோகோவைப் பார்த்தார்கள். தலையை ஆட்டினால் போதும். எதிர்வரிசையில் இவாவோ, போர்வைக்குள் சுருண்டு, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சைரன் கேட்டிருக்காது" என்றாள் சயோகோ. "ஆனா கொடியைப் பாத்தார். அவர் பாத்ததை நானும் பாத்தேன். இதுக்கு நான் கண்ணை மூடிக்கிட்டா, அடுத்த வருஷம் கொடி இறங்கும்போது யார் திரும்பி வருவாங்க?"

யாரோ இருமினார்கள். இவாவோ எழுந்தான்.

"பாத்தேன்" என்றான். "விதி என்னவோ அப்படியே நடக்கட்டும்." அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டான்.

வீட்டுக்குத் திரும்பும்போது அவன் முன்னால் நடந்தான், அவள் பின்னால். அடுப்பில் சூப்பைச் சூடு பண்ணி அவன் முன் வைத்தாள். அவன் கிண்ணத்தை எடுக்கவில்லை.

"ஊரே விட்டுரலாம்னுச்சு. நீ விடலை."

"விடலை."

"அடுத்த கோடைக்கு நான் என்ன பண்றது?"

"களத்துல பாசி விரிங்க. ஃபுமியே சொல்லித் தருவா."

"அவளா? அவ உன்னைவிட மோசமாச்சே" என்றான். சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. கிண்ணத்தை எடுத்தான். கை நடுங்கி சூப் விளிம்பில் ததும்பியது. சயோகோ எதிரே உட்கார்ந்து, வலிக்கிற தோளோடு, கிண்ணத்தை மறுபக்கம் பிடித்துக்கொண்டாள்.