ஃபாக் யாருக்கு

வக்கீல் பத்திரத்தை வாசித்துக்கொண்டு வந்தபோது ஒரு வரியில் பெல்லிங்கம் வாய்விட்டுச் சிரித்தார். லண்டனில் வேலை முடித்து ஓய்வு பெற்றவர். வடக்கு இங்கிலாந்தின் ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கில் எடித் கியர்ட்டனின் பழைய வீட்டையும் அதையொட்டிய புல்வெளியையும் வாங்குகிறார். நிலத்தை விற்றாலும் அதன் ‘ஃபாக்’ என்றைக்கும் எடித்துக்கே என்றது அந்த வரி.

“மூடுபனியையுமா விக்காம வெச்சுக்குவாங்க? தாராளமா அள்ளிக்குங்கம்மா. சாக்கு ஏதாச்சும் வேணுமா?”

விளக்கிச் சொல்லத்தான் எடித் வாயெடுத்தாள். சாக்கு என்றதும் மூடிக்கொண்டாள். வக்கீல் தொண்டையைச் செருமுவதற்குள் பெல்லிங்கம் கையெழுத்தே போட்டுவிட்டார்.

அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த எவருக்கும் அந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. ஜூலையில் புல்லை அறுத்துக் காயவைத்துக் கொட்டகையில் ஏற்றிய பிறகு, அதே வேரிலிருந்து மறுபடி தழைக்கிற இளம்புல்தான் ஃபாக். கறவை மாடுகளுக்கு அது விருந்து.

ஆள் வைத்துப் புல்லை அறுத்தார் பெல்லிங்கம். ஆகஸ்ட் கடைசியில் வெளி பச்சைப் பட்டாகத் தழைத்தது. அதில் கிரோக்கெட் பந்தாட்டத்துக்கான கம்பி வளையங்களை நட்டு, லண்டன் நண்பர்களை விருந்துக்கு அழைத்தார். அவர்கள் தேநீர் குடித்துக்கொண்டிருக்கையில் எடித் கேட்டைத் திறந்து பதினொரு மாடுகளை உள்ளே விட்டாள்.

“ஏம்மா, கண்ணு தெரியலையா? இது என் நிலம்!”

“நிலம் உங்களுதுதாங்க ஐயா. ஃபாக் என்னுது. அதைத்தான் மாடு மேயுது.”

“புல்லை மேயுதுன்னு சொல்லு!”

“லண்டன்ல புல்லு. இங்க ஃபாக். தாராளமா அள்ளிக்கச் சொன்னீங்களே, எனக்கு எதுக்குங்க சாக்கு? பதினோரு வயிறு இருக்கு.”

நண்பர்களில் ஒருத்தி கோப்பைக்குள் சிரித்தாள். ஒரு மாடு வளையத்தை மிதித்து வளைத்தது. பெல்லிங்கம் உள்ளே ஓடி வக்கீலுக்குப் போன் போட்டார். திரும்பி வந்தவர் நாற்காலிகளை ஒவ்வொன்றாக வீட்டுக்குள் தூக்கிப் போனார்.

மறுவருஷம் வீம்புக்கு அவர் அறுக்கவே இல்லை. அறுக்காவிட்டால் ஃபாக் ஏது என்று மதுக்கடையில் சொல்லிக் காட்டினார். எடித் அந்த இலையுதிர்காலத்துக்கு மாமன் மகனின் வயலைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பெல்லிங்கத்தின் புல் இடுப்புயரம் வளர்ந்து, மழையில் படுத்து, கறுத்து அழுகியது. ஈ மொய்த்தது. சமையலறை ஜன்னலைத் திறக்க முடியாமல் அவர் மனைவி லண்டனுக்கே போய்விட்டாள்.

அடுத்த ஜூலையில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எடித்தின் மாட்டுக்கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

“மிசஸ் கியர்ட்டன், அறுக்க ஒரு ஆள் சொல்ல முடியுமா? கேட்டவனெல்லாம் நேரமில்லைங்கிறான்.”

பால் கறந்துகொண்டிருந்த எடித் மாட்டின் மடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

“நேரமெல்லாம் இருக்கு. உங்களைப் பிடிக்கலை, அவ்வளவுதான். நான் சொன்னா வருவாங்க. வெள்ளிக்கிழமை வெயில் அடிச்சா பாக்கலாம். இப்ப வெளிச்சத்தை மறைக்காம தள்ளி நில்லுங்க, மாடு மிரளுது.”

அவர் தள்ளி நின்றார்.