சகலையின் டயர் ரயில்

என் சகலை ஜெரோம் நல்லவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். என் மனைவி ஆனந்தமேரி ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்கிறாள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

நான் குட்டி ரயில் ஓட்டுகிறவன். பன்னிரண்டு வருடமாக இதுதான் தொழில். திண்டுக்கல்லில் பொருட்காட்சி போட்டால் மைதானத்து ஓரத்தில் என் தண்டவாளம் வட்டமாகக் கிடக்கும். இடுப்பு உயர எஞ்சின், நாலு பெட்டி, பெட்டிக்கு ஆறு பிள்ளைகள். கோடை விடுமுறை வந்தால் எல்லாவற்றையும் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுவேன். அங்கே மோகன்குமார் என்பவர் ஒரு பூங்கா வைத்திருக்கிறார். இரண்டு மாதம் என் ரயில் அலைச் சத்தத்துக்குப் பக்கத்திலேயே ஓடும். திண்டுக்கல் வெயிலில் பிறந்து வளர்ந்தவனுக்குக் கடல் என்றால் என்ன என்பது கடற்கரைக்காரனுக்குத் தெரியாது. மிச்சப் பத்து மாதமும் நான் அந்த இரண்டு மாதத்தை நினைத்துத்தான் ஓட்டினேன்.

ஜெரோம் வேடசந்தூரில் மில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன். ஆனந்தமேரியின் தங்கை ஆனந்தியைக் கட்டியவன். போன வருடம் குடும்பத்தோடு கடற்கரைக்கு வந்தான். எங்களோடு மூன்று நாள் தங்கினான், மீன் குழம்பு சாப்பிட்டான், என் ரயிலைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஊருக்குத் திரும்பியதும் மில் வேலையை விட்டுவிட்டான். ஒரு பழைய டிராக்டரை வாங்கி, பேகம்பூரில் ஒரு வெல்டரிடம் விட்டு, ரயில் எஞ்சின் மாதிரி அதற்கு ஒரு கூடு போட்டான். பின்னால் மூன்று பெட்டி. எல்லாம் ரப்பர் டயர். தண்டவாளமே கிடையாது.

தண்டவாளம் இல்லாதது எப்படி ரயில் ஆகும்? எல்லாரிடமும் இதைக் கேட்டேன். பதில் சொல்ல யாரும் நிற்கவில்லை, அதில் ஏறப் போய்விட்டார்கள்.

இந்த வருடப் பொருட்காட்சியில் எனக்கு நேர் எதிரிலேயே அவனுக்கு இடம் கிடைத்தது. மைதானத்தில் கிளம்பி நாகல் நகர் வரை போய்த் திரும்பும் அவன் வண்டி. பிள்ளைகள் மட்டுமா, தாத்தாக்கள், புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் எல்லாம் ஏறினார்கள். என் பெட்டியில் பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடிக்கும். அவன் பெட்டியில் காலை நீட்டிக்கொள்ளலாம். எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

"ஆனந்தியப் பாருங்க, மகராசி மாதிரி ஒக்காந்து போறா," என்றாள் ஆனந்தமேரி, டிக்கெட் கூண்டுக்குள் வியர்த்து வழிந்தபடி.

"நீயும் போயேன்."

"போனேனே. காலைல ரெண்டு ரவுண்டு."



அடுத்த நாள் மோகன்குமார் போன் செய்தார். உப்புக்காற்றில் என் தண்டவாளம் துருப்பிடிக்கிறது, தினமும் அதன் மேலிருக்கிற மணலைக் கூட்டித் தள்ளுவதற்குள் பாதிக் காலை போய்விடுகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். ஜெரோம் வண்டியைப் பற்றியும் கேள்விப்பட்டிருந்தார். டயர் ரயில் நல்ல யோசனைதான், ஆனால் கூட்டத்துக்கு நடுவே ஓடுகிற வண்டியாயிற்றே, பிரேக்கை நினைத்தால் பயமாக இருக்கிறது என்றார். ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து இரண்டையும் பார்த்துவிட்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வாராம்.

ஞாயிறு மதியம் மைதானத்தில் கூட்டம் இல்லை. ஜெரோம் வண்டிச் சாவியை என் கையில் கொடுத்தான்.

"அண்ணே, சாருக்குப் பிரியாணி வாங்கிட்டு வந்துர்றேன். செத்த நேரம் வண்டியப் பாத்துக்கங்க."

வருகிறவருக்குப் பிரியாணி வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை பாருங்கள். அதுவும் அவனுக்குத்தான் தோன்றுகிறது.

அவன் அந்தப் பக்கம் போக, மோகன்குமார் இந்தப் பக்கம் வந்து நின்றார். டயர் ரயிலைத் தடவிப் பார்த்து, "ஜோரா இருக்கே," என்றார்.

"ஏறுங்க சார். நானே ஒரு சுத்து காட்டுறேன். இத ஓட்டுறதெல்லாம் ஒரு வித்தையா?"

யார் வேண்டுமானாலும் ஓட்டிவிடலாம், ஜெரோமிடம் தனியாக ஒன்றும் இல்லை என்று அவருக்குக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் என் மனதில் இருந்தது. அவர் முதல் பெட்டியில் உட்கார்ந்தார். வண்டி அழகாகக் கிளம்பியது. பாதி மைதானம் சுற்றும்வரை எல்லாம் சரியாகவே இருந்தது.

பஜ்ஜிக் கடைக்காரர்கள் என்னைப் பார்த்து விசில் அடித்தார்கள். என் குட்டி ரயில் அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் நான் எழுந்து நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிடுவேன். சனம் கை தட்டும். ரயில் அதுபாட்டுக்குப் போகும், தண்டவாளம் பார்த்துக்கொள்ளும். பன்னிரண்டு வருடப் பழக்கம். எழுந்தேன், கும்பிட்டேன்.

ஸ்டீயரிங் தன் இஷ்டத்துக்குத் திரும்பியது. வண்டி என்னுடைய மூங்கில் வேலியைச் சாய்த்து, என்னுடைய டிக்கெட் கூண்டை நசுக்கி, என்னுடைய தண்டவாளத்தின் மேல் ஏறி இருமிவிட்டு நின்றது. நல்ல காலம், ஆனந்தமேரி சாப்பிடப் போயிருந்தாள். யாருக்கும் அடியில்லை. இரண்டு தண்டவாளத் துண்டு மட்டும் வில்லாக வளைந்துவிட்டது.

மோகன்குமார் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். "என்னங்க, பிரேக் பிடிக்கலையா?"

ஜெரோம் பொட்டலங்களோடு ஓடி வந்தான். வண்டியைப் பார்த்தான், இன்னும் நெஞ்சுக்கு நேரே குவிந்திருந்த என் கைகளைப் பார்த்தான். பஸ் ஓட்டியவன் அல்லவா, புரிந்துவிட்டது.

"தப்பு என்னுது சார்," என்றான். "நேத்தே பிரேக்கு கொஞ்சம் எளகி இருந்துச்சு. அண்ணன்கிட்டச் சொல்லாமச் சாவியக் குடுத்துட்டேன்."

"அப்போ இது நமக்குச் சரிப்படாது," என்றார் மோகன்குமார். "பவுல்ராஜ், வழக்கம்போல நீங்களே வந்துடுங்க."

கடல் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

அதற்குள் ஆனந்தமேரி வந்து சேர்ந்தாள். பஜ்ஜிக் கடைக்காரர்கள் நடந்ததை அவள் காதில் போட்டிருக்க வேண்டும். ஜெரோமை ஒரு பார்வை பார்த்தாள். இருபது வருடக் குடித்தனத்தில் என்னை அப்படிப் பார்த்ததில்லை. என் பக்கம் குனிந்து, "தம்பிக்கு எம்புட்டுப் பெரிய மனசு," என்றாள்.

என் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இனி ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மாமியார் வீட்டில் அவன் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவான். அவன் சொல்லாததை வீடே சொல்லும். கடற்கரையில் நான் மணலைக் கூட்டும் ஒவ்வொரு காலையும் அவன் போட்ட பிச்சையாக இருக்கும்.

"பிரேக்கு நல்லாத்தான் சார் இருக்கு," என்றேன். "நீங்களே ஏறி மிதிச்சுப் பாருங்க. நான்தான் ரெண்டு கையையும் விட்டுட்டேன்."

"அண்ணே, சும்மா இருங்க."

"ஏலே, நீ சும்மா இரு. இருக்குற நல்ல பேர் அம்புட்டையும் நீ ஒருத்தனே வாங்கிக்கிருவியா?"

நான் நல்லவன் என்பதால் உண்மையைச் சொல்லவில்லை. அவன் நல்லவனாக இருப்பது பொறுக்காமல்தான் சொன்னேன்.

மோகன்குமார் வண்டியைப் பின்னுக்கு எடுக்கச் சொல்லி, தானே ஏறி மூன்று தடவை பிரேக்கை மிதித்துப் பார்த்தார். மூன்று தடவையும் நின்றது. இறங்கி ஜெரோம் தோளில் கை வைத்து, "எப்ப வரலாம்?" என்று கேட்டார்.

ஜெரோம் என்னைப் பார்த்தான்.

"ஏப்ரல் பதினஞ்சாம் தேதி வருவான் சார்," என்று நானே சொன்னேன். வருடா வருடம் நான் போய் இறங்குகிற நாள் அது. அதை அவன் வாயால் கேட்க எனக்குத் தெம்பு இல்லை.