வெள்ளம் கொண்டுவந்த கேஸ் டேங்க்

எங்கள் ஊர் நெச்சஸ் ஆறு கரைபுரண்ட அந்த அக்டோபரில், இருநூற்றைம்பது கேலன் கேஸ் டேங்க் ஒன்று மிதந்து வந்து எங்கள் வேலியில் சிக்கிக்கொண்டது. பெயர்த்தகடு துருவேறி உதிர்ந்திருந்தது. மூன்று வாரம் பார்த்தோம். தேடிக்கொண்டு யாரும் வரவில்லை.

கப்பல் பட்டறையில் பதினோரு வருடமாக நான் வெல்டர். என் தம்பி ராஸ்கோ அப்போது என் வீட்டில்தான் இருந்தான். முப்பத்திரண்டு வயது. அவனுக்கு எதிலும் வாயை விடக் கை முந்தும். அந்த டேங்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுல கறி வேகவைக்கற புகையடுப்பு ஒண்ணு போட்டோம்னா ஒரே தடவைல பன்னெண்டு மாட்டு நெஞ்சுக்கறி போகும்" என்றான். சாக்பீஸை எடுத்துக் கதவு எங்கே, விறகுப்பெட்டி எங்கே, புகைபோக்கி எங்கே என்று நான் அதன்மேலேயே வரைந்தேன்.

ஆனால் உள்ளே கேஸ் மிச்சம் இருந்தது; அப்படியே தீ வைத்து வெட்டினால் வெடித்துவிடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வால்வைக் கொஞ்சம் திறந்துவிட்டேன். இரண்டு நாள் அது போகட்டும், பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, விளிம்புவரை தண்ணீர் நிரப்பி ஊறவிட்டு, அப்புறம்தான் வெட்ட வேண்டும் என்று ராஸ்கோவிடம் சொல்லி வைத்திருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் டாலிவர் வந்தான். நெடுஞ்சாலையில் புகையில் வேகவைத்த கறி விற்கும் கடை வைத்திருப்பவன். கதவுநிலை அளவுக்கு உடம்பு. பிக்கப் வண்டியைப் பின்பக்கமாக வேலிவரை கொண்டுவந்து நிறுத்திவிட்டு இறங்கினான்.

"ஐடெல்லா, என் டேங்க் உன் வீட்டுல என்ன பண்ணுது?"

"உன் டேங்க்கா? அதுல உன் மூஞ்சியா ஒட்டியிருக்கு?"

"என் கொட்டகைக்குப் பின்னாடி கெடந்தது. ஆறு தூக்கிட்டுப் போயிடுச்சு."

"ஆறு எனக்குக் குடுத்துச்சு. போய் ஆத்துக்கிட்ட கேளு."

ராஸ்கோ சிரித்தான். "டாலிவர், ஒன் கடைக் கறி செருப்பு மாதிரி இருக்கறதுக்கு டேங்க் என்ன பண்ணும்?"

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் டாலிவர் வண்டியிலிருந்த சங்கிலியை உருவி வீசிவிட்டான். அது ராஸ்கோவின் தாடையில் விழுந்தது. கிளை முறிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. ராஸ்கோ முட்டி மடங்கி விழுந்தான், விழுந்த வேகத்தில் எழுந்து, நெற்றியால் டாலிவரின் மூக்கில் முட்டினான். மூக்கு ஒரு பக்கமாகச் சப்பையாகிப் போய் ரத்தம் கொட்டியது. டாலிவர் அதைத் துடைக்கக்கூட இல்லை. தம்பியைக் கீழே தள்ளி விலாவிலேயே உதைத்தான். நான் மண்வெட்டியோடு ஓடினேன். ஒரே கையால் என்னைத் தள்ளினான். வண்டிச் சக்கரத்தில் முதுகு மோதி மூச்சு நின்றுபோனது.

எங்கள் கண்ணெதிரே வால்வை இறுக்கி மூடி, டேங்கைச் சங்கிலியில் கட்டி ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

ராஸ்கோவின் வாய் மூடவில்லை. ரத்தமும் எச்சிலும் சேர்ந்து வடிந்தது. அவனைத் தூக்கி என் வண்டியில் உட்கார வைத்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அவன் இன்னைக்கே அத வெட்டுவான்டா. நம்ம மேல இருக்கற கோவத்துல வெட்டுவான்."

தம்பி என் மணிக்கட்டைப் பிடித்தான். உடைந்த தாடையோடு மூன்றே சொல் சொன்னான். "போகாத. அவன் சாகட்டும்."

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் அந்த வார்த்தை எனக்கு இனித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில்தான் டாலிவர் வீடு. நேராகப் போயிருக்கலாம். திருப்பத்தில் என் கை தானாகவே வண்டியை அவன் வீட்டுப் பக்கம் திருப்பிவிட்டது.

முற்றத்தில் டேங்க் கட்டைகளின்மேல் கிடந்தது. டாலிவர் கையில் கேஸ் கட்டர். பத்தடி தள்ளி அவன் மனைவி மேசையில் கறிக்கு மிளகுத்தூள் தேய்த்துக்கொண்டிருந்தாள். காற்று அவளை விட்டு விலகி என் பக்கம் வீசியது; வாடை அவளுக்கு எட்டவில்லை.

"பத்த வைக்காத! உள்ள கேஸ் இருக்கு!"

"வால்வ தெறந்து விட்டாச்சு. சீறலே நின்னுபோச்சு."

"சீறல் நின்னா கேஸ் போயிடுச்சுன்னு அர்த்தமா? அடியில தங்கியிருக்கும்டா மடையா! மோந்து பாரு, எனக்கு இங்க வரைக்கும் நாறுது!"

"எனக்கு ஒண்ணும் நாறல."

எப்படி நாறும்? மூக்குத் துவாரம் இரண்டிலும் ரத்தம் உறைந்து கிடந்தது.

"டேங்க்கு வேணும்னு நேரா கேக்க வேண்டியதுதானே? கதை கட்டாத" என்று சொல்லிவிட்டுப் தீப்பொறி எழுப்பும் பொறிதட்டியைக் கட்டரின் முனைக்குக் கொண்டுபோனான். நான் கேஸ் குழாயைப் பிடித்து இழுத்தேன். முழங்கையால் என் வாயில் இடித்தான். பல் ஒன்று நாக்கில் விழுந்தது. மறுபடியும் பொறிதட்டியை உயர்த்தினான். கட்டையின்மேல் நாலு பவுண்டு சுத்தியல் ஒன்று இருந்தது. எடுத்தேன். கட்டரைப் பிடித்தபடி டேங்க்மேல் ஊன்றியிருந்த அவன் வலது கையைப் பார்த்து ஓங்கி அடித்தேன். எலும்பு நொறுங்குவது என் தோள்வரை தெரிந்தது. அவன் விழவில்லை. இடது கை இன்னும் பொறிதட்டியை விடவில்லை. முழங்காலில் இன்னொரு அடி கொடுத்தேன். அப்போதுதான் விழுந்தான்.

அதற்குப் பிறகு அவன் மனைவி ஒரு ஓக் விறகால் என் தலையில் அடித்தது வரைதான் நினைவு.

கோர்ட்டில் நீதிபதி ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார். "கேஸ் இருந்ததற்கு என்ன சாட்சி?" என்னிடம் ஒன்றும் இல்லை. வந்த போலீஸ்காரர்கள் எங்களைத் தூக்குவதில் இருந்தார்கள், டேங்கை யாரும் மோந்து பார்க்கவில்லை. சங்கிலிக்காக அவனுக்குத் தொண்ணூறு நாள், சுத்தியலுக்காக எனக்குத் தொண்ணூறு நாள். கப்பல் பட்டறையில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான்.

விடுதலையாகி இரண்டாவது வாரம், காலையில், டாலிவரின் வண்டி வேலியோரம் வந்து நின்றது. பின்னால் அந்த டேங்க். இறங்கி நொண்டிக்கொண்டே வந்தான். வலது கையில் மூன்று விரல்கள் மடங்கவில்லை.

"வால்வ முழுசா கழட்டினேன்" என்றான். "குப்புனு கேஸ் நாத்தம் மூஞ்சில அடிச்சுது. இத்தனை நாள் கழிச்சும்."

நான் வண்டியின் பின்பக்கம் போய் டேங்கைத் தொட்டுப் பார்த்தேன்.

"எம் பொண்டாட்டி பத்தடியில நின்னுட்டு இருந்தா, ஐடெல்லா."

"தெரியும்."

"எறக்கிக்கோ. உன்னோடதுதான்."

ராஸ்கோ கடப்பாரையோடு வெளியே வந்தான். தாடையில் இரும்புக்கம்பி கட்டி எடுத்த தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. நான் குறுக்கே போய் நின்றேன். என்னைச் சுற்றிக்கொண்டு போய் வண்டியின் விளக்குகளை உடைத்தான், முன்கண்ணாடியை உடைத்தான், கதவை நாலு இடத்தில் நசுக்கினான். டாலிவர் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. கண்ணாடித்தூள் அவன் சட்டையில் மினுங்கியது. கை ஓய்ந்ததும் ராஸ்கோ கடப்பாரையை எறிந்துவிட்டு உள்ளே போனான்.

டேங்கைக் கழுவித் தண்ணீர் நிரப்பி ஒன்பது நாள் வைத்தேன். பிறகு வெட்டினேன். மூன்று பக்கம் வெட்டி முடிப்பதற்குள் கதவின் கீலை வெல்டு வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கதவு கோணிக்கொள்ளும். விறகுப்பெட்டிக்குத் தடித்த எண்ணெய்க் குழாயில் ஒரு துண்டு எடுத்தேன். அதை டேங்கோடு சேர்த்துப் பிடிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. கூப்பிடாமலே டாலிவர் வந்தான். நெஞ்சைக் கொடுத்து அணைத்து, இடது கையால் பிடித்தான். நான் வெல்டு வைத்தேன்.

அதை ஜன்னலிலிருந்து பார்த்த ராஸ்கோ அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு போமான்ட் நகருக்குப் போய்விட்டான்.

முதல் நாள் வெறும் தீ மூட்டிப் பழைய பெயின்ட் எல்லாம் கருக விட்டேன். மறுநாள் ஒரு நெஞ்சுக்கறி, பதினாலு மணி நேரம். பாதியைப் பொட்டலம் கட்டி பஸ்ஸில் தம்பிக்கு அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினான்.

"மெல்ல முடியல. தாடை டிக்கு டிக்குங்குது. மெதுவா பிச்சுப் பிச்சுத் தின்னேன்."

"எப்படி இருந்துச்சு?"

"உப்பு கம்மி. மத்தபடி நல்லாத்தான் இருந்துச்சு." பிறகு கேட்டான்: "அவனும் தின்னானா?"

"தின்னான்டா."

போனை வைத்துவிட்டான்.