தலைகீழ் வால்வு

என் தண்ணீர் லாரியின் பின்வால்வு தலைகீழ். மற்ற வால்வெல்லாம் வலப்பக்கம் திருப்பினால் மூடும், என்னுடையது திறக்கும். பட்டறையில் சொல்லி நானே அப்படி மாட்டவைத்தேன். நெரிசலில் லாரி நின்றால் போதும், குடத்தோடு வந்துவிடுகிறார்கள். திருடுகிறவன் திருப்பத் திருப்ப இறுகட்டும் என்று செய்த வேலை. மூளை எனக்கும் இருக்கிறது.

அன்று காலை எட்டாயிரம் லிட்டர், ஆஸ்பத்திரிக்கு. அங்கே டயாலிசிஸுக்கு என் அக்கா காத்திருந்தாள். ஆஸ்பத்திரித் தொட்டி வறண்டதால் மூன்று நாளாக அவளுக்கு இரத்தம் சுத்தம் செய்யவில்லை. முகம் வீங்கி மூச்சு வாங்கியது. தண்ணீர் போனால்தான் மெஷின் ஓடும்.

மேம்பாலத்தடியில் ஒரு மணி நேரமாக எதுவும் நகரவில்லை. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் குடங்கள். எந்த எமகாதகனோ திருப்பும் பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டான். வீல் ஸ்பானரோடு குதித்தேன்.

முதலில் அகப்பட்டவன் மண்டையில் ஒன்று போட்டேன். குடத்தோடு விழுந்தான். ஒருத்தி சட்டையைப் பிடித்தாள். தள்ளியதில் பம்பரில் மோதி வாயெல்லாம் இரத்தம். கூட்டம் சிதறியது. ஒருவன் மட்டும் போகவில்லை. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், வால்வை வலப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தான். தண்ணீர் பீறிட்டது.

"மூடத்தான் பாக்குறேண்ணே. இது எங்க ஆஸ்பத்திரித் தண்ணி."

"யாருக்குடா காது குத்துற? மூடுறவன் தொறக்குற பக்கமா திருப்புவான்?"

மணிக்கட்டில் அடித்தேன். அவன் வால்வை விடவில்லை. மறுபடி அடித்தேன், எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. ஆத்திரம் அடங்காமல் மற்றக் கையிலும் போட்டேன். பிறகு வால்வை மூடினேன்.

பாதித் தண்ணீரோடு போய்ச் சேர்ந்தேன். அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தாள்.

"தண்ணி வந்துடுச்சுக்கா. இனிமே கவலைய விடு."

மெஷின் ஓடத் தொடங்கியது. நர்ஸ் ஊசியைத் தொடவில்லை.

"இவங்க நரம்புல எனக்கு ஊசி ஏத்த வராதுங்க. டெக்னீஷியன் தம்பி ஒருத்தருக்குத்தான் வரும். பைக்ல வர்ற வழியில நம்ம தண்ணி லாரியில தண்ணி ஒழுகுதுன்னு மூடப் போயிருக்காரு. எவனோ ரெண்டு கையையும் உடைச்சுட்டான். கீழ கட்டுப் போடுறாங்க."

அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு என் சட்டையைப் பார்த்தாள்.

"என்னடா இவ்ளோ ரத்தம்? எங்க அடிபட்டுச்சு? கையக் காட்டு."

நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.