பாலத்துக்குப் பாலம் எடுத்த கணக்கு

ஆற்று உயிர்களைக் கணக்கெடுக்கும் அலுவலகம் ஒன்றில் கணவனும் மனைவியும் வேலை பார்த்தார்கள். அவர் ஆற்றுச் சிப்பிகளை ஆராய்பவர், அதனால் சிப்பியார். அவள் மீன்களை ஆராய்பவள், அதனால் அயிரையம்மா. அரிய உயிர்கள் உள்ள ஆறுகளில் நாலை மட்டும் காப்பாற்றப் பணம் வந்திருந்தது. மற்றதில் மணல் அள்ள அனுமதி தயார். எந்த ஆற்றில் எத்தனை அரிய உயிர் கிடைத்தது என்று பார்த்துக் கம்ப்யூட்டர் போட்ட வரிசையில் சிப்பியாரின் ஆறு நாலாவதாகத் தொற்றிக்கொண்டிருந்தது.

கூட்டத்தில் அயிரையம்மா, அவை கிடைத்த இடங்களைக் குறித்த வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், அரிய மீனெல்லாம் பாலத்துக்கு அடியிலயே குடியிருக்கு பாருங்க."

"நல்லதுதானே, நெழலு" என்றார் மேலதிகாரி.

"நெழலு இல்ல சார். ஜீப்பு அங்கதான் நிக்கும், நாம அங்கதான் எறங்கறோம். மலை ஓடைக்கு ரோடு இல்ல, யாரும் போகல. அதான் முட்டை மார்க்கு."

மேலதிகாரி தாடையைச் சொறிந்தார். "அப்ப அடுத்த கூட்டத்துக்குள்ள பாத்துட்டு வாங்க. வலை பிடிக்க ஆளில்ல, உங்க வீட்டுக்காரரையே கூட்டிட்டுப் போங்க."

இப்படியாக, தன் ஆற்றுக்கு எதிராக வலை தூக்கிக்கொண்டு சிப்பியாரே மலையேறினார்.

"இங்க மீனெல்லாம் கெடையாது, திரும்பலாம் வா."

"இன்னும் காலையே நனைக்கல, அதுக்குள்ள தீர்ப்பா?"

அவள் மேலே நின்று கல்லைக் காலால் புரட்டினாள். கலங்கி வருவதைப் பிடிக்க அவர் கீழே வலையோடு குனிந்திருந்தார். தூக்கிப் பார்த்தால், விரல் நீளத்தில் ஓர் அயிரை, வயிற்றில் சிவப்புக் கோடு. இருவரும் எந்த ஆற்றிலும் பார்க்காத சாதி.

அவள் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தாள். வலையை லேசாகச் சாய்த்தால் போதும். மீன் போய்விடும், அவர் ஆறு பிழைக்கும். மணிக்கட்டு வலிக்கும்வரை அவர் அப்படியே பிடித்திருந்தார்.

"என்னங்க, ஏதாச்சும் இருக்கா?"

"இருக்கு, சனியன்."

அவள் வந்து பார்த்தாள். புடவையோடு தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த கூட்டத்தில் ஓடை இரண்டாவது இடம். சிப்பியாரின் ஆறு ஐந்தாவது. மேலதிகாரி இருவருக்கும் சேர்த்துக் கைகொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் அவள் மெல்லக் கேட்டாள். "எம்மேல கோவமா?"

"கோவம் என்ன கோவம். சிப்பிக்குக் கால் இருந்தா நானே உன் ஓடைக்கு ஓட்டிட்டு வந்திருப்பேன்."

"கூடையில அள்ளிட்டுப் போய் விட்டா?"

"அதுங்களுக்கு அந்த எடம் ஒத்துக்காது. தண்ணி வேகம் ஜாஸ்தி, சேறு வேற இல்ல" என்றார், வீடு பார்த்துவிட்டு வந்தவர் குறை சொல்வதுபோல.