பதினெட்டாவது ஆள் கையில் இருக்கும் காகிதம்

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்கியது. "எல்லாருக்கும் ரிசல்ட் வந்துடுச்சாம். எனக்கு மட்டும் வரலையே சார்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் பட்டியலில் அவர் நாற்பத்து மூன்றாவது, கடைசி. அங்கே புரோகிராம் எழுதுகிறவன் நான். பார்க்கிறேன் என்றேன். பார்த்தேன்.

2

'அவன் கணினியின் முன்னால்—' (வேண்டாம். 'அவன்' என்று எழுதினால் நான் நழுவிவிடுவேன்.)

பெயர்கள் ஒரு பட்டியல், முடிவுகள் இன்னொரு பட்டியல். நான் எழுதும் கணினி மொழியில் இரண்டையும் ஜோடி சேர்க்க ஒரே சொல் போதும். முதலாவதோடு முதலாவது, இரண்டாவதோடு இரண்டாவது. ஒரு பட்டியல் தீர்ந்தால் வேலையும் அங்கேயே நின்றுவிடும். மற்றதில் மிஞ்சியதைப் பற்றி மூச்சு விடாது. இந்த அடக்கத்துக்காகவே அந்த மொழியைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியவன் நான்.

ஏழாவது ஆளின் ரத்தக் குழாய் உடைந்துவிட்டது. அவருடைய வெற்று முடிவை, ஜோடி சேர்ப்பதற்கு முன்பே சலித்து எறிந்தேன். பெயரை எறிய மறந்தேன். ஆகவே எட்டாமவரின் முடிவு ஏழாமவருக்கு, ஒன்பதாமவருடையது எட்டாமவருக்கு. இப்படியே போய், கடைசி ஆளுக்கு ஒன்றுமில்லை.

4

(மூன்று எங்கே? கவனிக்காமல் தாண்டி வந்திருந்தால் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். நானும் அப்படித்தான் தாண்டினேன்.)

பத்தொன்பதாவது பெயர் என் அக்கா. முதல் பிரதியில் அவளை யாரோ ஒரு டீச்சர் என்று மாற்றிப் பார்த்தேன். பிறகு அதை அடித்துவிட்டு அக்கா என்றே எழுதினேன்.

காலையில் பேசினாள். "டேய், ஒண்ணுமே இல்லன்னு வந்துடுச்சுடா! மூணு வாரமா நான் சாப்பிட்டதே இல்ல தெரியுமா? உங்க மாமா குழந்தை மாதிரி அழுதுட்டாரு."

"சந்தோஷம்க்கா" என்றேன். அப்போது உண்மையாகவே சந்தோஷப்பட்டேன்.

அவளுக்குப் போனது இருபதாமவரின் முடிவு. அவளுடையது பதினெட்டாமவரிடம் இருக்கிறது.

5

மேலாளரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "மத்தவங்களுக்கு நாங்க போன் பண்றோம். உங்க அக்காவுக்கு நீயே சொல்லிடு" என்றார்.

கதைக்கு முடிவு ஒன்று: கணினியில் பதினெட்டாம் வரியைத் திறக்கிறேன். குறை எதுவும் இல்லை. அக்காவிடம் அசட்டுச் சிரிப்புச் சிரித்து, திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

முடிவு இரண்டு: திறக்கிறேன். உடனடியாக மருத்துவரை—

இரண்டையும் எழுதிக்கொண்டிருந்தபோது வரவேற்பறைப் பெண் எட்டிப் பார்த்தாள். "சார், அந்தப் பதினெட்டாவது ஆளு காலையிலேருந்து வாசல் பெஞ்சுலயே உக்காந்திருக்காரு. தண்ணி குடுத்தா கூட வாங்க மாட்டேங்கிறாரு."

6

அவருடைய உண்மையான முடிவு பதினேழாம் வரியில் இருக்கிறது. அதைத் துணிந்து பார்த்துவிட்டேன், நன்றாகவே இருக்கிறது. 'அது உங்களுடையது இல்லைங்க' என்று நான் சொன்னால் போதும், அந்த மனிதர் எழுந்து வீட்டுக்குப் போவார். அதைச் சொல்லத்தான் வாசலுக்கு வந்தேன்.

அவர் நிமிர்ந்து பார்க்கிறார். நான்காக மடித்த காகிதத்தை நீட்டுகிறார். எனக்குக் கை எழவில்லை.

நீங்கள் வாங்குங்கள். படியுங்கள். பிறகு என் கைப்பேசியை எடுத்து அக்காவைக் கூப்பிடுங்கள். இரண்டாவது மணியிலேயே எடுத்து "சொல்றா" என்பாள்.

சொல்லுங்கள்.