ஒன்று இருந்தால் போதும்

புது ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள் என்றால் ஸ்டூடியோ முதலாளிக்குக் காது கேட்காது. “இருக்கிற இடத்துல அடக்கும்மா” என்பார். ஊர்க் கல்யாணப் படங்கள் எல்லாவற்றையும் எதில் அடக்குவது? யானைப் பசிக்குச் சோளப்பொரி.

அடக்கும் வேலை சின்னவளுடையது. இரட்டையரில் பின்னால் பிறந்ததால் அந்தப் பெயர். முன்னால் பிறந்த அக்கா போன வருடம் காய்ச்சலில் போய்விட்டாள். முதலாளிக்குத் தெரியாமல் வீட்டுப் படங்களையும் அதே டிஸ்க்கில்தான் சின்னவள் வைத்திருந்தாள்.

அவள் கெட்டிக்காரி, அதுதான் வினை. கம்ப்யூட்டருக்கு முகமும் தெரியாது, சுவரும் தெரியாது. புள்ளிக்குப் புள்ளி எண்கள், அவ்வளவுதான். அந்த எண்களைச் சின்னக் கட்டங்களாக வெட்டி, ஒரே மாதிரி இருப்பவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இடங்களில் ‘அங்கே போய்ப் பார்’ என்று குறித்துவிடும் புரோகிராம் ஒன்றை ஓடவிட்டாள். அதுவும் போதாமல், ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தாலே போதும் என்று பிடியைத் தளர்த்தினாள். டிஸ்க்கில் பாதி காலியானது. சுருக்குவதற்கு முன்னிருந்த மூலப் படங்களைத் தன் கையாலேயே அழித்தாள். முதலாளி அன்று டீ வாங்கிக்கொடுத்தார், அதிசயம்தான்.

சுவரில் மாட்ட அக்காவின் படம் வேண்டும் என்று ஒரு மதியம் அம்மா ஸ்டூடியோவுக்கே வந்துவிட்டாள். சின்னவள் ஒரு படத்தைத் திறந்தாள். ஊஞ்சலில் இருவரும். இரண்டு பேருக்கும் அச்சு அசல் ஒரே சிரிப்பு. அடுத்த படத்திலும் அதே. அதற்கடுத்ததிலும். இரண்டு முகங்களில் ஒன்றைத்தான் மெஷின் வைத்திருக்கிறது. எதை?

“அம்மா, இதுல அக்கா யாரு?”

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். “ரெண்டுமே அவதான்.”

“நல்லாப் பாரும்மா.”

“பெத்தவளுக்குத் தெரியாதா? இதுல நீ எங்கடி?”

அக்காவின் முகமாவது தப்பித்தது என்று சின்னவளுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் பயம் வந்தது. பிறந்ததிலிருந்து தன் முகம் ஒன்றுகூட மிச்சமில்லை, இனி திரும்பவும் வராது. புதிதாக ஒன்றாவது இருக்கட்டும் என்று கேமரா முன் உட்கார்ந்து படம் எடுத்து, டிஸ்க்கில் போட்டாள்.

‘புதிதாகச் சேர்க்க எதுவும் இல்லை’ என்றது திரை.

படத்தைத் திறந்தாள். இன்று உடுத்தியிருந்த அதே உடை, பின்னால் ஸ்டூடியோவின் நீலத் திரைச்சீலை. கழுத்துக்கு மேலே அக்கா. பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் சிரிக்கவே இல்லை.

“கண்ணுக்குக் கீழ பாரு,” என்றாள் அம்மா, திரையைத் தடவியபடி. “ஒரு வயசு கூடியிருக்கு.”

புரோகிராமை நிறுத்தப் போன சின்னவளின் மணிக்கட்டை அம்மா இறுகப் பிடித்தாள்.

“அம்மா, அது நான்மா!”

“தெரியும்டி.” அம்மாவின் கண் திரையை விட்டு அகலவில்லை. “நீ வந்து உக்காந்தாத்தானே அவ வருவா? போ, இன்னொண்ணு எடு.”

சின்னவளுக்கு அழுகை பீறிட்டது. அழுதபடியே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். கேமரா கிளிக் என்றது.

திரையில் அக்கா சிரித்தாள்.